பின்சீட்டில் வலது பக்கம்

"மறுபடியும் அந்த மஞ்சள் விளக்கு எரியுது."

"எரியட்டும். அது எரியலைன்னாத்தான் எனக்குப் பயம்," என்றாள் ஃபித்தா.

"உனக்கென்ன, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. என் முழங்கால் ரெண்டும் தானா ஆடுது. வண்டி நின்னா நடுங்குது, ஓடினா இருமுது. என் மாமியார் கடைசிக் காலத்துல இப்படித்தான் இருந்தா."

"எத்தனை வருஷம் அப்படி இருந்தாங்க, உம்மு தலால்?"

"பதினொரு வருஷம்."

"அப்போ என் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு."

பின்சீட்டிலிருந்து மைஸூன் சிரித்தாள். சிரித்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜோர்டானில், கரக் கோட்டைக்குக் கீழே சிக்னலில் நின்றிருந்தார்கள். விடியற்காலைக் குளிர். பாலைவன நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்கள் பள்ளிக்கு அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. மூன்று ஆசிரியைகளில் கார் வைத்திருப்பவள் ஃபித்தா ஒருத்திதான். கணவன் அகபா துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். கார் அவன் விட்டுப்போனது, வயசான கொரியன் கார். முன்சீட்டில் கணக்கு டீச்சர் ரஸ்மிய்யா. மூத்தவள் என்பதால் அவளுக்கு முன்சீட்டு, மகன் பெயரைச் சேர்த்து உம்மு தலால் என்ற அழைப்பு, யாரையும் எதையும் சொல்லும் உரிமை. ஒன்றாம் வகுப்பு எடுக்கும் மைஸூனுக்குப் பின்சீட்டு முழுவதும். அதிலும் வலது மூலை.

அந்த மூலையைக் கண்டுபிடித்தவள் ரஸ்மிய்யாதான்.

"அங்கே உக்காரு பொண்ணே. இந்த வண்டியில அந்த ஒரு இடத்துலதான் காலுக்குக் கீழே கதகதப்பா இருக்கு. இந்த ஹீட்டர் ஊதறது பூனை மூச்சு மாதிரி."

"நீங்க உக்காருங்களேன், உங்களுக்குத்தான் மூட்டு வலி."

"என் மூட்டுக்குள்ள யாரும் இல்ல. உன் வயித்துல ஆள் இருக்கு."

மைஸூனுக்கு இது நான்காவது கர்ப்பம். முதல் மூன்றும் தங்கவில்லை. ஒன்றுகூட ஐந்தாம் மாதத்தைத் தாண்டியதில்லை. இது ஏழாம் மாதத்தில் இருந்தது. அவள் மாமியார் வீட்டில் வாளி தூக்க விடுவதில்லை, மாடிப்படி ஏற விடுவதில்லை. பள்ளிக்குப் போக மட்டும் விட்டார்கள், ஃபித்தா மெதுவாக ஓட்டுவாள் என்ற நம்பிக்கையில்.

ஃபித்தா மெதுவாகத்தான் ஓட்டினாள். அதோடு, அவளுக்காக இன்னொன்றும் செய்திருந்தாள். போன வருடம் முழுக்க, ஊரைத் தாண்டியதும் தன் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டுப் பள்ளி வரைக்கும் சிகரெட் பிடித்துக்கொண்டே போவாள். காதுக்குள் காற்று போகிறது என்று ரஸ்மிய்யா தினமும் சண்டை போடுவாள். இந்தக் குளிர்காலம் தொடங்கியபோது, மைஸூனின் வயிறு கோட்டுக்கு வெளியே தெரிய ஆரம்பித்ததும், ஃபித்தா பெட்டியைக் கசக்கி ஜன்னல் வழியே எறிந்தாள். கண்ணாடியை ஏற்றினாள்.

"புருஷன் கெஞ்சினான், விடலை. டாக்டர் திட்டினான், விடலை," என்றாள் ரஸ்மிய்யா. "வயித்துல இருக்கறது ஒரு வார்த்தை பேசாம விட வெச்சுடுச்சே. பிறந்தா மந்திரியாகும்."

மறுநாளே அவள் வீட்டிலிருந்த பழைய கம்பளியைக் கிழித்து நாடா நாடாவாகக் கொண்டுவந்து, காற்று வரும் கண்ணாடி விளிம்புகளில் எல்லாம் அடைத்தாள். கார் பெட்டி போல ஆனது. அதன் பிறகுதான் தலைவலி.

"எனக்கு சிகரெட் விட்டதால," என்றாள் ஃபித்தா.

"எனக்கு சைனஸ். குளிர் வந்தா எப்பவும் உண்டு," என்றாள் ரஸ்மிய்யா.

"எனக்கு இது," என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள் மைஸூன்.

மூன்று பேரிடமும் காரணம் இருந்தது. அதனால் யாரும் தேடவில்லை.

பச்சை விழுந்தது. கார் ஒரு முறை துள்ளி, நின்றுவிடுமோ என்று தயங்கி, பிறகு நகர்ந்தது.

*

ஃபித்தாவின் தம்பி ஹாயில் சந்தைத் தெருவில் செல்போன் கடை வைத்திருந்தான். கடைக்கு வந்த சாமான்களில் தீப்பெட்டி அளவில் ஒன்று இருந்தது. அதைக் காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால், வண்டியின் கோளாறெல்லாம் போனில் எழுத்தும் எண்ணுமாக வந்து நிற்கும். அது வந்த பிறகு அவனும் ஒரு மெக்கானிக். எங்கள் ஊரில் பானட் திறந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள், நாலு பேரும் மெக்கானிக்தான். ஹாயிலிடம் தீப்பெட்டி இருந்ததால் அவன் பேச்சுக்கு மறுபேச்சில்லை.

மாலை வெயிலில் முற்றத்தில் காரை நிறுத்தி, அக்கா போட்டுக் கொடுத்த தேநீரோடு உள்ளே குனிந்தான்.

"என்ன சொல்லுது?" என்றாள் ஃபித்தா.

"மூணு சொல்லுது. ஒண்ணு, இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரலையாம்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நல்லதுதானே! போன கோடையில பள்ளத்தாக்கு ஏத்தத்துல கொதிச்சு நின்னியே, மறந்துட்டியா? தண்ணியை வழி மறிக்கிற அந்த தெர்மோஸ்டாட்டை நான்தான் கழட்டி எறிஞ்சேன். அதுக்கப்புறம் ஒரு தடவையாவது கொதிச்சுதா?"

"இல்ல."

"இந்த ஊர்ல எவன் வண்டியில அது இருக்கு, சொல்லு. அது பனி நாட்டுக்காரனுக்கு வெச்சது."

"இப்போ இங்கேயும் பனிதானே பெய்யுது?"

"ரெண்டு மாசம் அக்கா. ஸ்வெட்டர் போட்டுக்கோ."

"எனக்குச் சொல்லலை, வண்டிக்குச் சொல்றேன்."

"வண்டிக்கும் ஒண்ணு பின்னிப் போடு." அவன் சிரித்தான். "ரெண்டாவது, பெட்ரோலை அளவுக்கு மேல குடிக்குது. மூணாவது, ரெண்டாம் சிலிண்டர் மிஸ் அடிக்குது. அந்த நடுக்கம் அதான்."

பிளக்கைக் கழற்றினான். நுனி முழுவதும் கரி, அடுப்படிச் சுவர் போல.

"இது போன மாசம்தானே மாத்தினே?"

"ஆமா."

"ஒரு மாசத்துல இவ்வளவு கரியா?"

"பழைய வண்டி," என்றான் ஹாயில். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான்.

"அந்தப் புகைக் குழாய்ல டப்பா ஒண்ணு இருந்துதே, அதை எடுத்தப்புறம்தான் இந்த இருமல்னு எனக்குத் தோணுது."

"அது மூச்சை அடைக்கிற டப்பா. எல்லாரும்தான் எடுக்கறாங்க. எடுத்துட்டு நேர்க் குழாயா வெல்டு வெச்சாச்சு. வண்டி மூச்சு விட வழி பண்ணிக் கொடுத்தேன், நீ குறை சொல்றே."

"உள்ளே ஒரு வாசனை வருது ஹாயில்."

"என்ன வாசனை?"

"பெட்ரோல் மாதிரி. மாதிரிதான். தலை வேற வலிக்குது."

"சிகரெட் விட்டவனுக்கெல்லாம் வலிக்கும், எனக்குத் தெரியாதா? நான் எத்தனை தடவை விட்டிருக்கேன்." பிளக்கை மாட்டிவிட்டு எழுந்தான். "முன்னால போற பாஸ்பேட் லாரிப் புகை உள்ளே வருது. கண்ணாடியை நல்லா ஏத்திக்கோ. காத்து வர்ற பட்டனையும் மூடி வை."

போனில் எதையோ தொட்டான். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைந்தது.

"போச்சு பார். அழிச்சுட்டேன்."

"விளக்குதானே போச்சு?"

"வேற என்ன வேணும் உனக்கு?"

ஒரு வாரம் அணைந்திருக்கும், பிறகு எரியும், அவன் வந்து அழிப்பான். அந்தக் குளிர்காலம் இப்படியே போய்க்கொண்டிருந்தது.

*

பள்ளியில் ஆசிரியைகள் அறையில் மண்ணெண்ணெய்க் கணப்பு ஒன்று இருந்தது. அதன்மேல் எப்போதும் தேநீர்க் கெண்டி. ஒரு நாள் காலை மைஸூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் மேஜையில் தலை சாய்த்துவிட்டாள்.

"வாந்தி வருது. கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது."

ரஸ்மிய்யா கணப்பைப் பார்த்தாள். "இதுதான்! இத்தனை நாளா எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? அணை அதை. ஜன்னலைத் திற."

"உறைஞ்சு போயிடுவோம், உம்மு தலால்."

"உறைஞ்சா எழுப்பலாம். என் சித்தப்பா மகன் வீட்டுல என்ன நடந்துச்சு? கணப்பை வெச்சுட்டு ஜன்னலை ஒரு விரல் திறக்காமப் படுத்தாங்க. காலையில கதவை உடைச்சுத்தான் எடுத்தோம். தூங்கற மாதிரியே இருந்தாங்க. கன்னமெல்லாம் சிவப்பா."

எங்கள் ஊரில் இது தெரியாத வீடு கிடையாது. எவ்வளவு குளிரானாலும் கணப்பு எரியும் அறையில் ஜன்னல் விரல் அளவு திறந்திருக்கும். மூடினால் குழந்தைகள்கூட எழுந்துபோய்த் திறக்கும்.

அணைத்தார்கள். திறந்தார்கள். கோட்டோடு பாடம் எடுத்தார்கள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் மூவருக்கும் தலைவலி குறைந்துவிட்டது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றாள் ரஸ்மிய்யா. அன்று முதல் அந்த அறையில் கணப்பு எரியவில்லை. வலி தினமும் காலையில் வந்தது, தினமும் பத்து மணிக்குள் போனது. ஜன்னல் திறந்ததால்தான் போகிறது என்று நம்பினார்கள்.

வியாழக்கிழமை வீடு திரும்பும்போது மைஸூன் சொன்னாள்: "ஒண்ணு கவனிச்சேன். வெள்ளி, சனி, லீவு ரெண்டு நாளும் உள்ளே ஒரே உதை. மாமியார் கை வெச்சுப் பாத்துட்டு ஆம்பளைப் பிள்ளைங்கறாங்க. ஞாயித்துக்கிழமை வந்தா அடங்கிடுது."

"அடங்கிடுதுன்னா?"

"சத்தமே இல்ல. சாயங்காலம் கொஞ்சம் புரளுது. அவ்வளவுதான்."

"அதுக்கே பள்ளிக்கூடம் பிடிக்கலை," என்றாள் ரஸ்மிய்யா. "ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க போடற கூச்சலுக்கு யாருக்குத்தான் பிடிக்கும்?"

மூவரும் சிரித்தார்கள். மைஸூன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் அந்தக் கதகதப்பான இடத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஆனா உன் முகம் நல்லா இருக்கு," என்றாள் ரஸ்மிய்யா திரும்பிப் பார்த்து. "கன்னம் ரோஜா மாதிரி. கர்ப்பம் உனக்குப் பொருந்துது, பொண்ணே."

*

மூடுபனி வந்த காலையில் நெடுஞ்சாலையைத் தொடுவதற்கு முன்பே வாகனங்கள் நின்றிருந்தன. முன்னால் நின்ற லாரியின் பின்விளக்கு தவிர எதுவும் தெரியவில்லை. பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்று இன்ஜினை அணைத்தது.

"டிரெய்லர் ஒண்ணு குறுக்கே கவுந்து கிடக்குதாம்," என்றாள் ரஸ்மிய்யா, தலைமை ஆசிரியையிடம் போனில் பேசிவிட்டு. "வழி விட நேரமாகும்னு போலீஸ் சொல்லுது. இன்ஜினை அணைக்காதே, அந்தப் பூனை மூச்சாவது வரட்டும்."

ஃபித்தா அணைக்கவில்லை. கார் நின்ற இடத்தில் நடுங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது வேறு மாதிரி ஆனது.

"இது என்ன, கண் சிமிட்டுது?"

"விடு. உன் தம்பி அழிப்பான்." ரஸ்மிய்யாவின் குரல் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. "எனக்குத் தூக்கம் வருது."

"மைஸூன், ரொட்டி எடுத்துக்கறியா?"

"உம்."

"உம்னா வேணுமா, வேண்டாமா?"

பதில் வரவில்லை. தூங்கட்டும் என்று ஃபித்தா விட்டுவிட்டாள். விளக்கு சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தி நிறுத்திச் சிமிட்டுகிறதா, தொடர்ந்து சிமிட்டுகிறதா என்று யோசித்தாள். அந்த யோசனை முடியவே இல்லை, திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. கை மடியில் கிடந்தது. எடுத்து ஸ்டியரிங்கில் வைக்கலாம் என்று தோன்றியது. அவசரமில்லை என்றும் தோன்றியது. எல்லாமே சரியாக இருப்பதுபோல ஒரு மெத்தென்ற உணர்வு. தலைவலிகூட யாருக்கோ வலிப்பது போலத் தள்ளி இருந்தது.

அப்போது இன்ஜின் ஒரு குலுக்கலோடு நின்றது.

அந்த அமைதி அவளை உலுக்கியது. சாவியைத் திருப்பினாள். இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற பழக்கம் மட்டும் அவளைக் கதவைத் திறக்கவைத்தது. இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் வாந்தி எடுத்தாள். குளிர்காற்றை நெஞ்சு நிறைய இழுத்தாள். இழுக்க இழுக்கத் தலை தெளிந்தது.

காரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். புகைக் குழாயின் வாயில் பெயருக்குத்தான் புகை வந்தது. வலது பின்கதவருகே வந்தபோது கணுக்காலில் சூடாக ஏதோ பட்டது. நின்றாள். தரை எங்கும் பனி ஈரம். அந்தக் கதவுக்கு நேர் கீழே மட்டும் ஒரு முறம் அளவுக்குக் காய்ந்திருந்தது. குனிந்தாள். வண்டிக்கு அடியிலிருந்து புஸ் புஸ்ஸென்று, நடுக்கத்துக்குத் தாளம் போட்டதுபோல, சூடான காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. கதவின் கீழ் விளிம்பு முழுவதும் கரி.

வெல்டு விட்டுப்போயிருந்தது. மைஸூனின் காலுக்கு நேர் கீழே.

"கணப்பு," என்றாள் ஃபித்தா சத்தமாக. "யா அல்லாஹ். கணப்பு உள்ளே இருக்கு."

கதவைப் பிடித்து இழுத்தாள். மைஸூன் அவள் மேலேயே சரிந்தாள். கன்னம் சிவந்திருந்தது. உதடுகூட.

"உம்மு தலால்! எழுந்திருங்க! கதவைத் திறங்க!"

"குளிருது, மூடு..."

"திறங்க! வண்டிக்குள்ள நாம கணப்பை வெச்சு மூடியிருக்கோம்! உங்க சித்தப்பா மகன் வீடு மாதிரி!"

ரஸ்மிய்யா அதற்கு மேல் கேட்கவில்லை. உருண்டு விழுவதுபோல வெளியே வந்தாள். இன்ஜினை அணைத்துவிட்டு இருவரும் மைஸூனைத் தூக்கிச் சாலையோர மண்ணில் உட்காரவைத்தார்கள். ரஸ்மிய்யா கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள்.

"மணி அடிச்சாச்சா?" என்றாள் மைஸூன், கண்ணைத் திறக்காமல்.

ஃபித்தா அவசர உதவிக்குப் போன் செய்தாள். "ஆம்புலன்ஸ் டிரெய்லருக்கு அந்தப் பக்கம் நிக்குதும்மா," என்றான் ஒருவன். "உங்களால திரும்ப முடியுமா? முடிஞ்சா நீங்களே கரக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. காத்திருக்காதீங்க."

தண்ணீர் லாரிக்காரன் இறங்கி வந்தான். அவன் வண்டி அந்த அகலத்தில் திரும்பாது. காரை மட்டும் கையசைத்துத் திருப்பிவிட்டான். "இந்த வண்டியிலயா திரும்பவும் ஏத்தப் போறீங்க?" என்று கேட்டான்.

"வேற வண்டி இருக்கா உங்ககிட்ட?" என்றாள் ரஸ்மிய்யா.

நாலு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கினார்கள். கம்பளி நாடாக்களைப் பிடுங்கி எறிந்தார்கள். மைஸூனை முன்சீட்டில் உட்காரவைத்துத் தலையை ஜன்னலுக்கு வெளியே சாய்த்தார்கள். ரஸ்மிய்யா பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூடுபனி காருக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது.

"தூங்காதே. ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

"நான் ஒண்ணாம் வகுப்பு டீச்சர், உம்மு தலால். ஏழு எனக்கு வராது."

"அப்போ ரெண்டாம் வாய்ப்பாடு. சொல்லு."

"ஓரெண்டு ரெண்டு... ஈரெண்டு..."

"ஈரெண்டு?"

"அது அசையலை, உம்மு தலால்."

"நான் உன்கிட்ட கேட்டது ஈரெண்டு."

"நேத்து சாயங்காலத்துலேருந்து அசையலை. உங்ககிட்ட சொல்லலை. சொன்னா வேலைக்கு விட மாட்டாங்கன்னு..."

ஃபித்தா ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். மஞ்சள் விளக்கு விடாமல் சிமிட்டியது. ஊருக்கு ஏறும் வளைவுகளில் இன்ஜின் மூன்று காலில் நடக்கும் கழுதை போலத் திணறியது. ஒவ்வொரு குலுக்கலிலும் நின்றுவிடும் என்று தோன்றியது. நின்றால் நடந்து போகிற தூரம் இல்லை.

போன் அடித்தது. "உன் தம்பி," என்றாள் ரஸ்மிய்யா, எடுத்துப் பார்த்து.

"நீங்களே பேசுங்க."

"ஹாயில்? ஆமா, எரியுது. இல்ல, சாயங்காலம் வேண்டாம். இப்பவே ஆஸ்பத்திரிக்கு வா. வர்ற வழியில அந்தத் தீப்பெட்டியைச் சாக்கடையில போட்டுட்டு வா." போனை வைத்தாள். "ஈரெண்டு?" என்றாள் மறுபடியும்.

"நாலு," என்றாள் மைஸூன்.

*

அவசரப் பிரிவில் மைஸூனுக்கு ஆக்ஸிஜன் முகமூடி போட்டார்கள். மற்ற இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ரஸ்மிய்யா அதைக் கழற்றிக் கழற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் நர்ஸ் திட்டிவிட்டுப் போனாள். பெண் டாக்டர் மைஸூனின் வயிற்றில் பட்டையைக் கட்டி, பக்கத்துப் பெட்டியில் ஓடும் எண்ணைப் பார்த்தாள்.

"இதயம் அடிக்குது," என்றாள்.

மைஸூன் கண்ணை மூடினாள். ஃபித்தாவுக்கு மட்டும் டாக்டரின் முகம் தெரிந்தது. டாக்டர் பின்னாலேயே வராந்தாவுக்குப் போனாள்.

"டாக்டர், உண்மையைச் சொல்லுங்க."

"மெதுவா அடிக்குது. இருக்க வேண்டியதை விட மெதுவா."

"நாங்க தெளிஞ்சுட்டோமே. அவளும் தெளிஞ்சுட்டாளே."

"தாய் ரத்தத்துலேருந்து அந்த விஷ வாயு சீக்கிரம் இறங்கிடும். குழந்தைக்கு அப்படி இல்ல. அது பிடிச்சு வெச்சுக்கும்." டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு மட்டும்னா எனக்கு இவ்வளவு கவலை இருக்காது. ரொம்ப நாளா நடந்திருக்குன்னு சொல்றீங்க. மதியத்துக்குள்ள எண் ஏறலைன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவோம். ஏழு மாசம். பிழைக்க வைக்கலாம். எப்படிப் பிழைக்கும்னு இப்போ என்னால சொல்ல முடியாது."

"அவகிட்ட சொல்லட்டுமா?"

"அவங்க மாமியாரும் புருஷனும் வரட்டும். அதுவரைக்கும் பக்கத்துல இருங்க."

ஃபித்தா உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே வாகன நிறுத்துமிடம் தெரிந்தது. ஹாயில் வந்திருந்தான். உள்ளே வரத் துணிவில்லாமல் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தான். பிறகு ஈரத் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பெட்டியில் எண் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஏறும், அதே அளவு இறங்கும். ரஸ்மிய்யா அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தாள்.

மைஸூன் முகமூடியைச் சட்டென்று விலக்கினாள்.

"அசைஞ்சுது. ஃபித்தா, அசைஞ்சுது! கையை வை. இங்கே, இங்கே இல்ல, இதோ."

ஃபித்தா கையை வைத்தாள். கரி படிந்த கை. வயிறு சூடாக, இறுக்கமாக இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"தெரிஞ்சுதா?"

ஃபித்தாவின் உள்ளங்கைக்கு எதுவும் தெரியவில்லை.

"இன்னொரு தடவை பண்ணச் சொல்லு," என்றாள். கையை எடுக்கவில்லை.